பட்டினப்பாக்கம் – வேடிக்கை பார்க்க மட்டும் ஒரு கரையா?

வார இறுதி வந்தால் சென்னைக் கல்லூரிகளில் கேட்கும் கேள்வி ஒன்றுதான். "எங்கடா போகலாம்?"

கையில் இருப்பது சில நூறு ரூபாய். மால் என்றால் உள்ளே போய் ஏசி காற்று வாங்கிவிட்டு வர வேண்டியதுதான், எதையும் தொட முடியாது. மகாபலிபுரம் என்றால் பைக் வேண்டும், பெட்ரோல் வேண்டும், அதற்கெல்லாம் மேலே வீட்டில் அனுமதி வேண்டும். கடைசியில் மெரினா, இல்லாவிட்டால் பெசன்ட் நகர் பீச் என்று முடிவாகும். இந்த இரண்டுக்கும் நடுவில் ஒரு ஊர் இருக்கிறது. அதை யாரும் சொல்வதில்லை. தப்பித்தவறி யாராவது சொன்னாலும், "பட்டினப்பாக்கமா? அங்கே என்ன இருக்கு? ஏரியா வேற ஒரு மாதிரி" என்று பதில் வந்துவிடும்.

அந்த 'ஒரு மாதிரி'யைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

பெயரிலேயே இருக்கிறது

ஐந்திணைகளுக்கும் தனித்தனி ஊர்ப்பெயர்கள் உண்டு என்று பள்ளியில் மதிப்பெண்ணுக்காக மனப்பாடம் செய்தது பலருக்கு நினைவிருக்கலாம். கடலும் கடல் சார்ந்த இடமுமான நெய்தல் நிலத்து ஊருக்குப் பட்டினம், பாக்கம் என்று பெயர். பட்டினப்பாக்கத்தின் பெயரில் இரண்டுமே சேர்ந்து இருக்கிறது! கடலோர ஊர் என்பதை இதைவிட அழுத்தமாக ஒரு பெயரால் சொல்ல முடியாது.

சாந்தோம் நெடுஞ்சாலையின் தெற்கு முனையில் இருக்கிறது இந்த ஊர். கிழக்கே வங்காள விரிகுடா, தெற்கே அடையாறு. ஆதனூர் ஏரிப் பக்கம் தொடங்கி சுமார் 42 கிலோமீட்டர் ஓடி வரும் ஆறு, சீனிவாசபுரத்துக்கும் ஊரூர் குப்பத்துக்கும் நடுவே கடலில் கலக்கிறது. வடக்கே போனால் டுமிங்குப்பம், நொச்சிக்குப்பம் என்று கலங்கரை விளக்கம் வரை மீனவர் குடியிருப்புகள்தான்.

இவ்வளவு பெரிய நகரத்தின் நடுவில் ஆறு, முகத்துவாரம், கடல், மீன்பிடி ஊர் நான்கும் நடந்து போகும் தூரத்தில் இருப்பது சாதாரண விஷயமில்லை. மயிலாப்பூர் தெப்பக்குளத்திலிருந்து காலாற நடந்தே வந்துவிடலாம். பறக்கும் ரயிலில் வந்தால் மந்தைவெளியில் இறங்கலாம். பஸ் என்றால் பட்டினப்பாக்கத்திலேயே பஸ் நிலையம் இருக்கிறது. பார்க்கிங் பிரச்சினையே வேண்டாம்.

காசில்லாமல் என்ன செய்யலாம்?

முதலில் காலை. ஏழு மணிக்கு முன்னால் எழுந்திருக்கும் பழக்கம் உள்ளவர்களுக்கு மட்டும்! இருட்டோடு கடலுக்குப் போன ஃபைபர் படகுகள் வெயில் ஏறுவதற்குள் ஒவ்வொன்றாகத் திரும்பும். அலையில் ஏறி மணலில் வந்து முட்டும் படகை இழுத்து நிறுத்துவது, வலையிலிருந்து மீனைப் பிரிப்பது, நண்டைக் கடிபடாமல் எடுப்பது, நடுவில் கூடையைச் சுற்றி ஏலம். ஏலத்தில் குரல் அதிகம் கேட்பது பெண்களுடையதுதான். கடலுக்குப் போவது ஆண்கள். ஆனால் கரைக்கு வந்த மீன் பணமாக மாறுவது பெண்களின் கையில். வணிகவியல் படிக்கும் மாணவர்கள் தேவை, அளிப்பு, விலை நிர்ணயம் என்று வகுப்பில் கொட்டாவி விட்டுக்கொண்டு எழுதுவதெல்லாம் இந்த மணலில் பத்து நிமிடத்தில் கண்முன்னே நடந்துவிடும். மீன் நிறைய வந்தால் விலை விழும், வாடை அடித்துப் படகு போகாவிட்டால் விலை ஏறும். ஐஸ் பெட்டி இல்லாதவர் வெயில் ஏறுவதற்குள் விற்றாக வேண்டும். அதனால் பேரம் பேசுபவருக்குப் பத்து மணிக்கு மேல் கொஞ்சம் பலம் அதிகம். இதற்கு எந்தப் பாடப்புத்தகமும் வேண்டியதில்லை.

அடுத்தது உடைந்த பாலம். 1967இல் சீனிவாசபுரத்தையும் அக்கரையையும் இணைக்க முகத்துவாரத்தில் ஒரு நடைபாலம் கட்டினார்கள். 1977 வெள்ளத்தில் அதன் ஒரு பகுதி போய்விட்டது. மிச்சம் அப்படியே நிற்கிறது. சினிமாக்காரர்களுக்கும் போட்டோ எடுப்பவர்களுக்கும் அது 'லொகேஷன்'. ஆனால் அது எதற்காகக் கட்டப்பட்டது என்று யோசித்தால் விஷயம் வேறு. எதிர்க்கரை கண்ணுக்குத் தெரிகிறது. அங்கே போக வேண்டுமென்றால் திரு.வி.க. பாலம் வரை மேற்கே போய்ச் சுற்றிக்கொண்டு வர வேண்டும். ஐம்பது வருடத்துக்கு நெருங்கிய இடிபாடு, வருகிறவர்களுக்கு அழகு, இருக்கிறவர்களுக்குச் சுற்று வழி. (பாலத்தின் விளிம்பில் நின்று செல்ஃபி எடுப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: அது பாதி இடிந்த பாலம். கரையிலிருந்தே நன்றாகத் தெரியும்.)

முகத்துவாரத்தில் நின்றால் பறவைகள் கிடைக்கும். தண்ணீர் வற்றி சேறும் மணல் திட்டும் வெளியே தெரியும் நேரத்தில் உள்ளான்கள், கொக்குகள், நெடுங்கால் உள்ளான், கருப்பு வெள்ளை மீன்கொத்தி எல்லாம் வரும். குளிர்காலத்தில் வலசை வரும் பறவைகளும் சேர்ந்துகொள்ளும். தென்கரையில் 1882 முதல் பிரம்மஞான சபை இருப்பதால் அந்தப் பக்கம் முழுக்க மரமாகத் தெரியும். இந்தப் பக்கம் கொஞ்சம் மேற்கே ஆற்றின் கழிமுகக் கிளையை மீட்டு 58 ஏக்கரில் உருவாக்கிய தொல்காப்பியப் பூங்கா 2011 ஜனவரியில் திறக்கப்பட்டது. சாக்கடை நாற்றமும் உண்டுதான், மறைக்க வேண்டாம். 42 கிலோமீட்டருக்கு வழியில் உள்ளவர்கள் எல்லாம் ஆற்றில் கொட்டியது கடைசியில் இந்த ஊர் வாசலில்தான் வந்து நிற்கிறது.

ஜனவரி முதல் மார்ச் வரை இன்னொன்று. பங்குனி ஆமைகள் முட்டையிடக் கரைக்கு வரும் காலம். கடலாமைப் பாதுகாப்புக்கான மாணவர் அமைப்பு 1988இலிருந்து நீலாங்கரையில் தொடங்கி பெசன்ட் நகர் வரை சுமார் 7 கிலோமீட்டர் இரவு நடை நடத்துகிறது. பெயரிலேயே மாணவர் அமைப்பு! ஆற்றுக்கு அந்தப் பக்கம்தான், ஆனால் கரை ஒன்றுதானே. ஒரு ராத்திரி முழுக்க மணலில் நடந்து, ஆமையின் தடம் தேடி, முட்டைகளைப் பொரிப்பகத்தில் சேர்ப்பதைவிட நல்ல 'அவுட்டிங்' எது? 2025 ஜனவரியில் சென்னைக் கரையோரம் நூற்றுக்கணக்கான ஆமைகள் செத்து ஒதுங்கியது செய்தியில் வந்தது. இழுவைப்படகு வலையில் மாட்டி மூச்சு முட்டிச் சாவதுதான் முக்கியக் காரணமாகச் சொல்லப்பட்டது. சின்ன ஃபைபர் படகுகளை அந்தக் கணக்கில் சேர்ப்பது நியாயமில்லை என்பதையும் சேர்த்துத் தெரிந்துகொள்வது நல்லது.

கலங்கரை விளக்கம் 1977இல் திறந்தது. லிஃப்டில் மேலே போய்ப் பார்த்தால் மொத்தக் கரையும் ஒரே பார்வையில் தெரியும். வடக்கே அகலமான மெரினா மணல். அந்த மணலே துறைமுகம் கட்டிய பிறகு சேர்ந்ததுதான். துறைமுகச் சுவர் வடக்கே போகும் மணலைத் தடுத்தது. தெற்கே மெரினா அகலமானது, வடக்கே ராயபுரம் பக்கம் கடல் அரித்தது. ஒருவருக்குக் கிடைத்த பீச் இன்னொருவர் இழந்த வீடு. கடற்கரைக் கணக்கில் இப்படி ஒரு வரவுக்கு ஒரு பற்று எப்போதும் இருக்கும்.

குளிப்பது மட்டும் வேண்டாம். இந்தக் கரையில் அலை திரும்பும்போது காலடி மணலோடு இழுக்கும். ஒவ்வொரு வருடமும் கடலில் போகும் உயிர்களில் மாணவர்கள் இருக்கிறார்கள். அப்படி மாட்டிக்கொண்டவர்களை இழுத்து வருவதும் பெரும்பாலும் இந்தக் குப்பத்து ஆட்கள்தான்.

சாப்பாட்டு விஷயம்

மயிலாப்பூர் சாப்பாட்டைப் பற்றி எழுதாதவர் கிடையாது. ராயர் கஃபே, காளத்தி கடை ரோஸ் மில்க், ஜன்னல் கடை பஜ்ஜி, கற்பகாம்பாள் மெஸ் என்று வெளியூர்க்காரர்கூட வரிசையாகச் சொல்வார். அங்கிருந்து கொஞ்ச தூரம் கிழக்கே நடந்தால் வரும் ஊரின் சாப்பாட்டைப் பற்றி யாரும் மூச்சு விடுவதில்லை. இத்தனைக்கும் மாசி மகத்தன்று மயிலாப்பூர் சாமிகளே தீர்த்தவாரிக்கு இந்தக் கடற்கரைக்குத்தான் வருகிறார்கள். சாமிக்கு உள்ள உறவு சாப்பாட்டுக்கு இல்லாமல் போனது ஏன் என்று கேட்டால், பதில் கொஞ்சம் சங்கடமானது. சைவச் சாப்பாடு 'பாரம்பரியம்' ஆகிவிட்டது, மீன் 'நாற்றம்' ஆகிவிட்டது.

மாலையில் கடற்கரைக் கடைகளில் வறுத்த மீன் கிடைக்கும். மசாலா தடவித் தட்டில் அடுக்கி வைத்திருப்பார்கள். வஞ்சிரம் துண்டு, முழு சங்கரா, இறால், கடம்பா, நண்டு. கையைக் காட்டினால் தோசைக்கல்லில் போட்டுக் கொடுப்பார்கள். கூடவே வெங்காயமும் எலுமிச்சையும். வஞ்சிரம் விலை அதிகம், பேரும் அதிகம். ஆனால் விவரம் தெரிந்தவர்கள் கேட்பது நெத்திலி, கிழங்கான், கானாங்கத்தை. சின்ன மீனுக்குத்தான் ருசி, பர்ஸுக்கும் நல்லது. மீன் சாப்பிடாதவர்களுக்கு மிளகாய் பஜ்ஜி, தேங்காய் மாங்காய் பட்டாணி சுண்டல், சுட்ட சோளம் எல்லாம் உண்டு.

எல்லாக் கடையும் நல்ல கடை என்று சொல்லிவிட முடியாது. மசாலா கண்ணைப் பறிக்கும் சிவப்பில் இருந்தால் அது மிளகாய்த்தூள் மட்டும் இல்லை. எண்ணெய் கருத்திருந்தால் நகர்ந்துவிட வேண்டியதுதான். தட்டில் இருக்கும் மீன் எல்லாம் எதிரே தெரியும் கடலில் பிடித்தது என்று நினைப்பதும் தவறு. காசிமேட்டிலிருந்தும் சிந்தாதிரிப்பேட்டை மார்க்கெட்டிலிருந்தும் வாங்கி வருவதும் உண்டு. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் கிழக்குக் கடற்கரையில் விசைப்படகுகளுக்குத் தடை. 2017க்கு முன் 45 நாளாக இருந்தது. அந்தச் சமயத்தில் கேரளாவிலிருந்து ஐஸில் வரும் மீன்தான் பல தட்டுகளில் இருக்கும். தடை இல்லாத சிறு படகுகள் கரையோரம் பிடிப்பது கொஞ்சம்தான், விலையும் ஏறும். அதனால் "இன்னைக்கு இங்கே பிடிச்சது எதுக்கா?" என்று கேட்டு வாங்குவதில் தப்பில்லை. கேட்டால் சொல்வார்கள்.

உண்மையான ருசி கடைத்தட்டில் இருப்பதில்லை, வீட்டுச் சட்டியில் இருக்கிறது. மாங்காய் போட்ட நெத்திலிக் குழம்பு, சுறாப்புட்டு, கத்தரிக்காயோடு கருவாட்டுக் குழம்பு, மறுநாள் காலையில் பழைய சோற்றோடு முந்தின நாள் மீன்குழம்பு. இதெல்லாம் விற்பனைக்கு வருவது அபூர்வம். மெரினாவில் சுந்தரி அக்கா கடை மாதிரி ஓரிரு இடங்கள் யூடியூப் வந்தபிறகு பேர் வாங்கின, கூட்டமும் வந்தது. அப்படியென்றால் ஆசை ஜனங்களிடம் இருக்கிறது, சமைக்கத் தெரிந்த கையும் குப்பத்தில் இருக்கிறது. நடுவில் உட்கார்ந்து சாப்பிட ஒரு இடம், தண்ணீர்க் குழாய், கழிப்பறை, முறையான உரிமம். இவைதான் இல்லை.

கொச்சிக் கோட்டைக்குப் போனவர்கள் பார்த்திருப்பார்கள். சீன வலை பக்கத்தில் மீனை வாங்கி, அருகிலுள்ள சின்னக் கடையில் கொடுத்தால் சமைத்துத் தருவார்கள். சுற்றுலாக்காரர் மீனுக்கும் காசு கொடுக்கிறார், சமையலுக்கும் கொடுக்கிறார். நொச்சிக்குப்பத்தில் மீனைச் சுத்தம் செய்து கொடுக்கும் பெண்கள் ஏற்கெனவே இருக்கிறார்கள். இன்னும் ஒரு படி மேலே போனால் அதே ஏற்பாடு இங்கேயும் வந்துவிடும். பெரிய முதலீடு எதுவும் வேண்டாம்.

அழகுபடுத்துவது என்றால் யாரை அகற்றுவது?

சரி, விஷயத்துக்கு வரலாம். இவ்வளவும் இருக்கிற ஊரை ஏன் யாரும் 'ஊராக'ப் பார்ப்பதில்லை?

இந்தக் கரையின் சரித்திரத்தைக் கொஞ்சம் புரட்டினால் ஒரே கதை திரும்பத் திரும்ப வருகிறது. 1985இல் மெரினாவை அழகுபடுத்துகிறோம் என்று கட்டுமரங்களையும் வலைகளையும் கரையிலிருந்து அகற்றப் பார்த்தார்கள். மீனவர்கள் எதிர்த்தார்கள். துப்பாக்கிச் சூடு நடந்து உயிர்கள் போயின. 2003இல் மலேசிய நிறுவனத்தோடு சேர்ந்து கடற்கரையை ஒட்டிப் பெரிய கட்டடங்கள் எழுப்பும் திட்டம் வந்தது. எதிர்ப்புக்குப் பிறகு கைவிடப்பட்டது. 2004 டிசம்பர் 26 சுனாமியில் சீனிவாசபுரம் மோசமாக அடிபட்டது. அப்போது எல்லோரும் வந்து பார்த்தார்கள், படகு கொடுத்தார்கள், கட்டுமரம் போய் ஃபைபர் படகு பெருகியது. பிறகு மறந்தார்கள்.

2023 ஏப்ரலில் கலங்கரை விளக்கத்திலிருந்து பட்டினப்பாக்கம் வரும் லூப் சாலையோர மீன் கடைகளால் போக்குவரத்து பாதிக்கப்படுகிறது என்று உயர் நீதிமன்றம் தானாக முன்வந்து வழக்கு எடுத்தது. மாநகராட்சி கடைகளை அகற்றியது. மீனவர்கள் படகையும் வலையையும் சாலையில் போட்டு மறித்தார்கள். அதன்பிறகு 366 கடைகளோடு நவீன மீன் அங்காடி கட்டி 2024 ஆகஸ்டில் திறந்தார்கள்.

அங்காடி வந்தது நல்லதுதான். மேல் கூரை, தண்ணீர், கழிவு நீர் போக வழி இதெல்லாம் அந்தப் பெண்களுக்கு முன்பே கிடைத்திருக்க வேண்டியவை. வெயிலில் உட்கார்ந்து மீன் விற்பதில் எந்த அழகும் இல்லை, அதைப் போட்டோ எடுப்பவர்களுக்கு வேண்டுமானால் இருக்கலாம். ஆனால் அந்த நேரத்தில் நடந்த பேச்சை நினைத்துப் பார்க்க வேண்டும். ஆன்லைனில் பலர் எழுதியது என்ன? "ரோடு வண்டிக்குத்தானே, மீனுக்கா?" என்று. அந்த ரோடு போடுவதற்கு முன்னால் அது வலை காய வைத்த மணல், படகு நிறுத்திய இடம். சாலைதான் கடையிருந்த இடத்துக்கு வந்தது. யார் யாருடைய வழியை மறித்தார்கள் என்ற கேள்விக்குப் பதில் காருக்குள்ளிருந்து பார்த்தால் ஒன்று, மணலில் நின்று பார்த்தால் இன்னொன்று.

எதிர்த்தரப்பு வாதத்திலும் நியாயம் இருக்கிறது. சாந்தோம் சாலை நெரிசலில் ஆம்புலன்ஸ் மாட்டுவது உண்மை. மீன் கழிவு மணலில் கிடப்பதும், நாய்கள் சுற்றுவதும் உண்மை. ஞாயிற்றுக்கிழமை வண்டியை நடுரோட்டில் நிறுத்தி விலை கேட்பவர்களால் நெரிசல் வருவதும் உண்மை. ஆனால் அந்தக் கடைசிப் பிரச்சினை வாங்க வருபவர்கள் செய்வது. அதற்கான தண்டனை மட்டும் விற்பவர்களுக்கு.

இன்னொரு பக்கத்தையும் பாருங்கள். இதே அடையாற்றில், கொஞ்சம் மேற்கே, 1867இல் தொடங்கிய மெட்ராஸ் போட் கிளப் இருக்கிறது. அங்கே படகு ஓட்டினால் அது விளையாட்டு, கௌரவம். அதே ஆறு கடலில் சேரும் இடத்தில் படகு ஓட்டினால் அது 'குப்பம்'. ஆங்கிலத்தில் 'கட்டமரான்' என்று உலகம் முழுக்கச் சொல்கிற சொல்லே கட்டுமரத்திலிருந்து போனது. சொல்லை மட்டும் எடுத்துக்கொண்டு ஆளை விட்டுவிட்டார்கள்.

சினிமாவுக்கும் இதில் பங்கு உண்டு. குப்பம் என்றால் அரிவாள், கஞ்சா, குத்துப்பாட்டு. இதைத்தவிர வேறு எதையும் காட்டாமல் எத்தனை படங்கள்! அந்தப் படங்களைப் பார்த்துவிட்டுத்தான் "ஏரியா ஒரு மாதிரி" என்ற வார்த்தை வருகிறது. அந்தக் குடியிருப்புகளில் இருக்கும் உண்மையான ஆபத்து என்ன தெரியுமா? பழுதடைந்த கட்டடம். 2024 டிசம்பரில் சீனிவாசபுரம் குடியிருப்பில் ஜன்னலின் மேல்பகுதி இடிந்து விழுந்து ஓர் இளைஞர் இறந்தார். கல்லூரி மாணவர்களின் வயதுதான். ஒரு பக்கம் கடல் அரிக்கிறது, இன்னொரு பக்கம் மேற்கூரை உதிர்கிறது. இதன் நடுவில் 'கடற்கரை மேம்பாடு' என்ற பெயரில் பெஞ்சும் விளக்கும் வைத்தால் அது யாருக்கு மேம்பாடு?

கோவளம் சொல்லும் பாடம்

மீனவர்களை வைத்துக்கொண்டே ஒரு கரையை நல்ல இடமாக்க முடியாதா? முடியும் என்பதற்குத் தூரம் போக வேண்டாம். கோவளத்தில் மூர்த்தி மேகவன் என்ற மீனவர் அலைச்சறுக்கு கற்றுக்கொண்டு, ஊர்ப் பையன்களுக்கும் சொல்லிக்கொடுத்து, ஒரு பயிற்சிப் பள்ளியே தொடங்கினார். இன்று வெளிநாட்டிலிருந்துகூட அங்கே வந்து கற்றுக்கொள்கிறார்கள். அலையை அவர்களைவிடத் தெரிந்தவர் யார்? கடலில் எந்தப் பக்கம் இழுக்கும், எந்த மேகம் மழை, எந்த மேகம் வெறும் காற்று என்பதெல்லாம் பரம்பரையாக வந்த அறிவு. அந்த அறிவு சம்பளமாக மாறியது.

ஆற்றுக்கு அந்தக் கரையில் 2015இல் டி.எம்.கிருஷ்ணாவும் நித்யானந்த் ஜெயராமனும் குப்பத்து மக்களும் சேர்ந்து ஊரூர் ஆல்காட் குப்பம் விழாவைத் தொடங்கினார்கள். கர்நாடக சங்கீதமும் பறையும் ஒரே மேடையில். அதுவரை பெசன்ட் நகரில் வருடக்கணக்கில் குடியிருந்தும் குப்பத்துக்குள் கால் வைக்காதவர்கள் முதல்முறையாக உள்ளே வந்தார்கள். அந்த விழாவால் எல்லாம் மாறிவிட்டது என்று சொல்ல முடியாது. ஆனால் கதவு எந்தப் பக்கம் திறக்க வேண்டும் என்பதைக் காட்டியது.

ஜப்பானில் டோக்கியோவின் ட்சுகிஜி மீன் சந்தையைப் பார்க்கச் சுற்றுலாப் பயணிகள் விடியற்காலையில் வரிசையில் நின்றார்கள். மொத்த விற்பனைச் சந்தை 2018 அக்டோபரில் டொயோசுக்கு மாறிய பிறகும் வெளிச்சந்தைக் கடைகள் பழைய இடத்திலேயே நடக்கின்றன, கூட்டமும் வருகிறது. அங்கே மீன் ஏலத்தைப் பார்ப்பது 'வாழ்நாள் அனுபவம்'. இங்கே அதே ஏலம் 'டிராஃபிக் இடைஞ்சல்'.

என்ன செய்யலாம்?

அரசாங்கம் செய்ய வேண்டியவை சில. கடற்கரையில் உணவுக்கடை உரிமம் கொடுத்தால் முதல் உரிமை அந்தந்தக் குப்பத்துக் குடும்பங்களுக்கு என்று விதி வைக்கலாம். தெருவோர வியாபாரிகளுக்கான சட்டம் 2014இலேயே வந்துவிட்டது, அதைப் படித்துப் பார்த்தாலே போதும். பார்வையாளர்களுக்குக் கழிப்பறை கட்டும்போது குடியிருப்பின் கழிவுநீர்க் குழாயையும் சரி செய்யலாம். பறவை பார்க்கும் நடை, காலை ஏலம் பார்க்கும் நடை என்று வைத்து, வழிகாட்டியாக ஊர் இளைஞர்களையே பயிற்சி கொடுத்து நியமிக்கலாம். எந்தத் திட்டமானாலும் வரைபடம் போடுவதற்கு முன்னால் படகு எங்கே நிற்கும், வலை எங்கே காயும் என்று கேட்டுவிட்டுப் போடலாம்.

மாணவர்கள் செய்யக்கூடியது அதைவிட எளிது.

வேடிக்கை பார்க்கப் போகிறவர்கள் ஏதாவது வாங்கிவிட்டு வரலாம். மாலில் விலைச்சீட்டில் இருப்பதை முணுமுணுக்காமல் கொடுக்கும் கை, மீன்கார அக்காவிடம் மட்டும் பத்து ரூபாய்க்குப் பத்து நிமிடம் பேரம் பேச வேண்டாம். முகத்துக்கு நேரே கேமராவை நீட்டுவதற்கு முன்னால் "ஒரு போட்டோ எடுத்துக்கட்டுமா அண்ணா?" என்று கேட்கலாம். படகில் ஏறி உட்கார்ந்து கேக் வெட்டுவதற்கு முன்னால், அது ஒரு குடும்பத்தின் கடை, ஆபீஸ், சொத்து மூன்றும் என்பதை யோசிக்கலாம். தின்ற தட்டையும் பாட்டிலையும் மணலில் விட்டுவிட்டு வர வேண்டாம். காலையில் அதே மணலில்தான் வலை விரிக்க வேண்டும்.

இவை எல்லாம் பெரிய புரட்சி இல்லை. இன்னொருவர் வீட்டு வாசலில் நிற்கும்போது யாரும் கடைப்பிடிக்கும் சாதாரண மரியாதைதான்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை "எங்கடா போகலாம்?" என்ற கேள்வி வந்தால் பட்டினப்பாக்கம் என்று சொல்லிப் பாருங்கள். காலையில் போங்கள். கையில் ஒரு பை, கொஞ்சம் சில்லறை. முகத்துவாரத்தில் அரை மணி நேரம், ஏலத்தில் அரை மணி நேரம். பிறகு நெத்திலியோ கிழங்கானோ வாங்கிச் சுத்தம் செய்யச் சொல்லிவிட்டு, செய்து முடிக்கும் வரை அந்த அக்காவிடம் குழம்புக்கு என்ன போடுவது என்று கேளுங்கள். மாங்காயா, கத்தரிக்காயா என்பதிலேயே பக்கத்துக் கடை அக்காவுக்கும் அவருக்கும் சண்டை வந்தால் ஆச்சரியப்பட வேண்டாம். வீட்டுக்குப் போய் இரண்டு விதமாகவும் வைத்துப் பாருங்கள். எது நன்றாக இருந்தது என்று மறுவாரம் போய்ச் சொல்லுங்கள்.